காலை பஸ்ஸில் வந்த லத்தீன் சொல்

எங்கள் கருங்கொம்பைக்கு மலைப்பாதையில் இரைந்துகொண்டே ஏறிவரும் காலை பஸ்ஸில் இருந்து, வாழைத்தார் வியாபாரிகளும் பள்ளிக்கூடத்து டீச்சரும் இறங்கிய பிறகு, அவசரமே இல்லாமல் ஒரு சொல் இறங்கியது. ஆள் இல்லை, ஆவியும் இல்லை, வெறும் சொல். கண்டக்டர் படியில் நின்றபடி, "வத்தலக்குண்டுல ஏறுச்சு, ஜன்னலோரமா உக்காந்துச்சு, இத்தனை வளைவுலயும் யார் மேலயும் சாயல, நல்ல சொல்லுதான், பாத்துக்கங்க" என்று சான்று கொடுத்துவிட்டு விசில் ஊதினார்.

பார்க்க எப்படி இருந்தது என்று கேட்டால் எங்களில் யாருக்கும் சொல்லத் தெரியாது, ஏனென்றால் சொல்லைக் கேட்கத்தான் முடியும். ஆனால் அது எங்கே இருக்கிறது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை. அது உட்கார்ந்த இடத்தில் பெஞ்சுப் பலகை லேசாக அமுங்கும், பக்கத்தில் இருப்பவருக்குத் தொடையில் இளஞ்சூடு ஏறும், நாய்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகும். அப்படி அது நேராக நடந்துபோய் உட்கார்ந்தது பவளக்கொடியின் டீக்கடையில், அடுப்புக்குப் பக்கத்துப் பெஞ்சில்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். புதிதாக யார் வந்தாலும் டீ கைக்கு வருவதற்குள் அவருடைய மூன்று தலைமுறையைக் கேட்டு வாங்கிவிடுவோம். எந்த ஊர், யார் வீடு, அப்பா பெயர், தாத்தா பெயர், குலசாமி எது, இப்படிக் கேட்டுக்கொண்டே போய் எங்கேயாவது ஒரு முடிச்சில் அவரை எங்களோடு சேர்த்துக் கட்டிவிட்டால்தான் எங்களுக்கு டீ இறங்கும். கேட்காமல் விட்டால் அவமதித்ததாக அர்த்தம். அதனால் ஊராட்சித் தலைவர் மொக்கராசு, வந்தது சொல்லாயிற்றே என்றெல்லாம் யோசிக்காமல், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்.

"பேரு என்னங்க?"

"ஸிங்கிபெர்" என்றது அது.

"எந்த ஊருங்க?"

"ஸிங்கிபெர்."

"சாப்பிட்டீங்களா?"

"ஸிங்கிபெர்."

ஒரு சொல்லால் தன்னைத் தவிர வேறு எதையும் சொல்ல முடியாது என்பது எங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. நம்மில் பாதிப்பேர் வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்கிறோம் என்பதால் யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. மொக்கராசு விடாமல், "அப்பா பேரு?" என்று கேட்டபோது மட்டும் அது சற்று நிதானித்து, உப்புக்காற்றுப் பட்ட குரலில் "ஸிங்கிபெரிஸ்" என்றது. "தாத்தா பேரு?" என்று கேட்டதும், மணல்வெளியில் மாட்டுவண்டிச் சக்கரம் உருளுவது மாதிரி மெதுவாக, "சிங்கிவேர" என்றது. "தாத்தாவோட அப்பா?" என்றார் மொக்கராசு. பதில் இல்லை. ஆனால் பெஞ்சு நடுங்கியது. நாக்கு நுனியில் ஒரு பெயரை வைத்துக்கொண்டு தவிக்கிறவரின் கால் ஆடுமே, அந்த நடுக்கம்.

மொக்கராசுக்கே பாவமாகப் போய்விட்டது. சமாதானத்துக்காக, "சரி விடுங்க, எனக்கு நீங்க என்ன முறை வேணும், மாமனா மச்சானா?" என்று சிரித்தார். அதற்கும் பதில் இல்லை, ஆனால் இந்தத் தடவை பெஞ்சு ஆடவே இல்லை. தெரியாததற்கு நடுங்கும், இல்லாததற்குப் பேசாமல் இருக்கும், இருப்பதற்குத் தன் பெயரைச் சொல்லும். மரியாதையான சொல் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம்.

மாதா கோயில் உபதேசியார் சந்தியாகுவை ஆள் அனுப்பிக் கூட்டிவந்தோம். அவர் இளவயதில் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தவர், பாதியில் மேரியம்மாளைப் பார்த்துவிட்டதால் சாமியார் ஆகாமல் போனவர். சொல் தன்னைச் சொன்னதும் அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். "இது லத்தீனப்பா!" என்றார். "என் லத்தீன்ல பாவம் இருக்கு, மன்னிப்பு இருக்கு, ஆட்டுக்குட்டி இருக்கு. இந்தச் சொல்லு இல்ல. இது பூசையில வராத சொல்லு." பிறகு திருச்சியில் இருந்த தன் பழைய தோழர், வயதான ஒரு குருவானவருக்குப் போன் போட்டு, சொல்லையே பேசவிட்டுக் கேட்டுச் சொன்னார். அப்பா கிரேக்கராம், கப்பல்காரர்களின் வாயில் வளர்ந்தவராம். தாத்தா பாலி மொழியாம், வடக்கே வணிகர்களோடும் பிக்குகளோடும் சுற்றியவராம். அதற்கு முந்தியவர் தெற்கேயிருந்து போனவராம்.

"தெக்கேன்னா எங்கிட்டு?" என்றோம்.

"தெக்கேன்னா தெக்கேதான். இந்தப் பக்கம்" என்று உபதேசியார் கையை வீசிக் காட்டியதில் எங்கள் மலையும் அடங்கியிருந்தது.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்ன என்று கேட்க உபதேசியாருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தால் அந்தத் திருச்சி சாமியார் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார். ஆனால் நாங்கள் வந்தவரிடம் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்போமே தவிர, உனக்கு என்ன அர்த்தம் என்று யாரைத்தான் கேட்டிருக்கிறோம்!

அன்றிலிருந்து ஊருக்கு அதே வேலையாகிவிட்டது. காட்டுக்குப் போகிறவர்கள் போகும்போது ஒரு தடவையும் வரும்போது ஒரு தடவையும் பெஞ்சருகே நின்று, வாய்க்கு வந்த ஊர்ப்பெயரை எல்லாம் சொல்லிப் பார்த்தார்கள், சாமி பெயரை எல்லாம் சொல்லிப் பார்த்தார்கள், குறி சொல்லும் கோடாங்கியைக் கூட்டிவந்து உடுக்கை அடித்துப் பார்த்தார்கள். டீச்சர் தன் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவந்து உலகப் படத்தை விரித்து, ரோமாபுரியில் விரலை வைத்து இழுத்து இழுத்து எங்கள் மலைவரை கொண்டுவந்து காட்டினார். சளி பிடித்தவர்கள் அதன் பக்கத்தில் உட்கார்ந்தால் மூக்கு திறந்துகொண்டது, அசீரணக்காரர்களுக்கு ஏப்பம் வந்தது. பவளக்கொடி கடையில் என்றைக்கும் இஞ்சி தட்டிப் போட்ட டீதான் என்பதால், அந்த வாசனை அடுப்பிலிருந்து வருகிறதா பெஞ்சிலிருந்து வருகிறதா என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

அதனிடம் எதையும் கேட்காத ஒரே ஆள் பவளக்கொடி. காலையில் கடை திறந்ததும் முதல் டீயை ஆற்றி அதன் பக்கத்தில் வைப்பாள். டீ குறையாது, ஆனால் ஆறவும் ஆறாது, மத்தியானம் எடுத்துப் பார்த்தாலும் சூடாகவே இருக்கும். அந்த டீயை அவளே குடித்துக்கொள்வாள்.

அவள் கேள்வி கேட்காததற்குக் காரணம் இருந்தது. பல வருஷத்துக்கு முன்னால் இதே பஸ்ஸில், வயிற்றில் அவளைச் சுமந்துகொண்டு வந்து இறங்கியவள் அவள் அம்மா அழகம்மா. அன்றைக்கும் நாங்கள் எங்கள் வழக்கப்படி எந்த ஊர், யார் வீடு, என்ன சாமி என்று வரிசையாகக் கேட்டோம். அழகம்மா எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: "டீ நல்லாப் போடுவேன்." சாகிறவரை அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதை விட்டு ஓடிவந்தாளோ, யாருக்குப் பயந்து வாயை மூடினாளோ, அது அவளோடு போயிற்று.

மலைமேல் இஞ்சி போடும் காசிமாயன், தானே ஜீப் ஓட்டி மூட்டை இறக்குகிறவன், பவளக்கொடியைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நின்றான். அவளுக்கும் அவனைத் தவிர வேறு நினைப்பில்லை. குறுக்கே நின்றது அவன் அம்மா சிலம்பாயி. அவளைக் கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. பவளக்கொடிக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பவளே அவள்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள், பங்காளி என்றால் ஒரே ரத்தம், ரத்தத்துக்குள் கல்யாணம் செய்தால் அண்ணன் தங்கையைக் கட்டிய பாவம். பவளக்கொடியின் சாமி எதுவென்றே தெரியாதபோது, அது தங்கள் பாறைக்கருப்பாகவே இருந்துவிட்டால்? "நல்ல பொண்ணுதான்டா, நான் இல்லேன்னா சொல்றேன்? அவளோட குலசாமியை மட்டும் சொல்லச் சொல்லு, நாளைக்கே பூ வைக்கிறேன்" என்பாள் சிலம்பாயி. குலசாமி எது என்ற கேள்விக்குள் இன்னும் என்னென்ன கேள்விகள் ஒளிந்திருக்கின்றன என்பது கேட்பவர்களுக்கும் தெரியும், கேட்கப்படுகிறவளுக்கும் தெரியும். பவளக்கொடி எதைச் சொல்வாள்!

ஒருநாள் மொக்கராசு, தேனிப் பக்கம் பெரிய கோடாங்கி ஒருத்தர் இருக்கிறார், சொல்லை அவரிடம் கூட்டிப்போக ஊர்ப்பொதுவில் வண்டி பிடிக்கலாம் என்று பெஞ்சில் உட்கார்ந்து திட்டம் போட்டபோது, பவளக்கொடி டீ ஆற்றிக்கொண்டிருந்த குவளையைப் பட்டென்று கீழே வைத்தாள்.

"ஏண்ணே, எனக்கு ஒண்ணு தெரியணும்" என்றாள். "ரோமாபுரியில இருந்து வந்ததுக்குப் பூர்வீகம் தேடி ஊரே அலையுறீங்க. எங்க ஆத்தா இந்த மண்ணுலதான் செத்தா. நான் இங்கனயேதான் பொறந்தேன். எனக்காக ஒரு ஆளு ஒரு நாளு பஸ் ஏறியிருப்பீங்களா?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நாங்கள் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்போம். மொக்கராசு தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அன்றைக்குக் குடித்த டீ நெஞ்சிலேயே நின்றது, வெட்கமாக இருந்தது. அந்த நேரம் பார்த்துச் சொல், யாரும் எதுவும் கேட்காமலே, மெதுவாக "ஸிங்கிபெர்" என்றது.

"நீ சும்மா இரு" என்று அதை அதட்டிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைக்கு முன்னால் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்த காசிமாயனைக் கூப்பிட்டாள். "இதை உன் காட்டுக்குக் கூட்டிட்டுப் போ. கேட்டுக் கேட்டு உயிரை எடுக்கிறாங்க. தெரியலைன்னா விட வேண்டியதுதானே? ஒரு நாளாவது பேசாம உக்காந்து காத்து வாங்கட்டும்."

அப்படித்தான் அது மலையேறியது, ஜீப்பின் முன்சீட்டில், ஜன்னலோரம்.

காட்டில் அன்றைக்கு இஞ்சி எடுப்பு. இலைகள் பழுத்துச் சாய்ந்திருந்தன, பெண்கள் வரிசையாகக் குனிந்து மண்ணைக் கொத்தி இளக்கி, தூரைப் பிடித்துத் தூக்கி, உதறி, குவியலில் போட்டுக்கொண்டே போனார்கள். சொல்லை வரப்பில் இறக்கிவிட்டுக் காசிமாயன் மூட்டை பிடிக்கப் போனான். கொஞ்ச நேரம் வரப்புப் புல் அமுங்கியபடி இருந்தது. பிறகு அமுங்கல் எழுந்து பாத்தியில் இறங்கி, ஈரமண்ணில் தடம் பதித்து, சிலம்பாயியின் பக்கத்தில் போய் நின்றது. அவள் அப்போதுதான் பெரிய தூர் ஒன்றைப் பிடுங்கியிருந்தாள், விரல் விரலாகப் பிரிந்து, மண் அப்பி, அறுந்த இடத்தில் மஞ்சளாகச் சாறு கசிந்துகொண்டு. அந்த மண்வாசமும் கார வாசமும் சேர்ந்து எழும்பியபோது, அவள் காதருகில் ஒரு குரல், ரொம்பப் பழைய, ரொம்பச் சின்னப் பிள்ளைக் குரல் சொன்னது:

"இஞ்சிவேர்."

"ஆமா, இஞ்சிவேருதான். இதைப் போயி ஒரு சேதின்னு சொல்றியாக்கும்" என்றாள் சிலம்பாயி, பக்கத்துப் பாத்திக்காரி பேசுகிறாள் என்று நினைத்துத் திரும்பாமலே. பதிலுக்கு மறுபடி "இஞ்சிவேர்" என்றது. மறுபடி. மறுபடி. பாத்தி பாத்தியாக ஓடி, ஒவ்வொரு தூரிடமும் நின்று, தொலைந்துபோன குழந்தை வீட்டு வாசலைக் கண்டதும் கூவுவது போலக் கூவியது. பிடுங்காத தூர்களின் இலைகள் எல்லாம் காற்றில்லாமல் அசைந்தன. பெண்கள் நிமிர்ந்து இடுப்பில் கைவைத்து நின்றார்கள். சிலம்பாயி கையிலிருந்த இஞ்சியைப் பார்த்தாள், சத்தம் வந்த திசையைப் பார்த்தாள், அப்படியே பாத்தியில் உட்கார்ந்துவிட்டாள். "அடப்பாவி, எங்க காட்டுப் பிள்ளையா நீயி" என்றாள்.

காசிமாயன் ஹாரனை அமுக்கியபடியே மலையிறங்கினான். விஷயம் தெரிந்ததும் உபதேசியார் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார், சிரித்தபடியே அழுதார். எங்கள் தோட்டத்து இஞ்சிதான், யார் யாரோ கை மாறி, பாலிக்காரர்களோடு வடக்கே நடந்து, கிரேக்கக் கப்பலில் ஏறி, ரோமாபுரிச் சமையல்கட்டில் குடித்தனம் பண்ணி, ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊர் நாக்குக்கு ஏற்ப உடுப்பு மாற்றி, கடைசியில் எல்லா உடுப்பையும் கழற்றிவிட்டு வந்து நிற்கிறது. நாங்கள் தினமும் தட்டி டீயில் போட்டுக் குடித்ததையே ஊர் ஊராகத் தேடியிருக்கிறோம்.

பூர்வீகம் தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி எங்களுக்குத் தானாக வரும்: எந்த வகையறா, எந்தப் பங்காளிக் கூட்டம்? மேலவீட்டு வகையறா, தங்கள் பாட்டன்தான் முதன்முதலில் காட்டு இஞ்சியைத் தோட்டத்தில் வைத்தவர், அதனால் அது தங்கள் பங்காளி என்றது. சங்கிலியான் வகையறா, இஞ்சி மூட்டையை முதலில் மலையிறக்கியவர்கள் தாங்கள் என்றது. சிலம்பாயியின் பாறைக்காட்டு வகையறா, எங்கள் பாத்தியில்தானே அது வாய் திறந்தது, வேறு என்ன சாட்சி வேண்டும் என்று வரிந்துகட்டியது. இத்தனை தூரம் போய்வந்த ஒரு பங்காளி கிடைப்பது லேசா! கடைசியில் ஊர் கூடுகிற மந்தைத் திடலில் ஆளுக்கொரு பாய் விரித்து, அது எந்தப் பாயில் உட்காருகிறதோ அந்த வகையறா என்று முடிவானது.

மூன்று பாயையும் தட்டித் தட்டி விரித்தார்கள். சொல் மந்தைப் புழுதியில் தடம் பதித்து வந்தது. ஒவ்வொரு பாயருகிலும் நின்றது. "எங்க பங்காளிதானே நீயி?" என்று ஒவ்வொரு வகையறாவும் கேட்டது. ஒவ்வொரு இடத்திலும் அது பேசாமல் நின்றது, நடுங்கவும் இல்லை. பிறகு தடங்கள் மந்தையை விட்டு வெளியேறி, ரோட்டைக் கடந்து, பவளக்கொடியின் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. விரித்த பாய்களைச் சுருட்டிக்கொண்டு மூன்று வகையறாவும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வீடு போனார்கள். ரோமாபுரிக்குப் போய்வந்ததில் அதற்குத் தலைக்கனம் என்றுகூட மொக்கராசு முணுமுணுத்தார்.

சிலம்பாயி மட்டும் முணுமுணுக்கவில்லை. இரண்டு நாள் அவள் எதையோ மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள் என்று காசிமாயன் சொன்னான். அடுத்து வந்த நல்ல நாளில் காலையிலேயே தலை குளித்து, மஞ்சள் பூசி, வெற்றிலை பாக்கு பழம் பூ சேலை என்று தட்டு நிறைய எடுத்துக்கொண்டு, மகனையும் கூட்டிக்கொண்டு டீக்கடை வாசலில் வந்து நின்றாள். பின்னாலேயே ஊரும் வந்தது, சும்மா இருக்குமா.

கடைக்குள் எதிரெதிராக இரண்டு பாய் விரித்தாள் சிலம்பாயி. ஒன்றில் தானும் மகனும் உறவுக்காரர்களும் உட்கார்ந்தார்கள். எதிர்ப் பாய் காலியாகக் கிடந்தது. பவளக்கொடி அடுப்பருகே உறைந்து நின்றாள். அந்தக் காலிப் பாயைப் பார்க்கப் பார்க்க அவள் முகம் சுருங்கிக்கொண்டே போனது. எங்கள் ஊரில் தட்டு மாற்றும்போது பெண்ணுக்காகத் தட்டை வாங்க ஓர் ஆள் வேண்டும், தாய்மாமன் வேண்டும், யாராவது வேண்டும்.

சிலம்பாயி பெஞ்சின் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு மந்தையில எங்க பாயில நீ உக்காரல. எனக்கு ஆத்திரமாத்தான் இருந்துச்சு. அப்புறம்தான் உறைச்சுச்சு, எங்க பங்காளி இல்லைன்னுதானே நீ உக்காரல?" என்றாள். "இப்ப கேக்குறேன், ஊரு சாட்சியா சொல்லு. இந்தப் பொண்ணுக்கு நீ ஆளா?"

பெஞ்சுப் பலகை நிமிர்ந்தது. சிமெண்டுத் தரையில் ஈரமண் தடம் ஒன்று பதிந்தது, இன்னொன்று பதிந்தது. காலிப் பாயின் நடுவில், தாய்மாமன் உட்காருகிற இடத்தில், கோரை மெதுவாக அமுங்கியது.

"இஞ்சிவேர்" என்றது சொல், தொண்டையைச் செருமிக்கொண்டு, சபையில் பேசுகிறவரின் குரலில்.

"அப்ப இவளுக்கும் எங்களுக்கும் பங்காளி முறை இல்ல. அது போதும்" என்ற சிலம்பாயி, தட்டை இரண்டு கையாலும் தூக்கி முன்னால் நீட்டினாள். "வாங்கிக்கங்க, சம்பந்தி."

தட்டு அவள் கையை விட்டு எழும்பி, ஒரு வெற்றிலைகூடச் சரியாமல், எதிர்ப் பாயில் போய் இறங்கியது. காசிமாயன் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தான். மொக்கராசு, எதற்கும் இருக்கட்டும் என்று எழுந்துபோய்ப் பெண்வீட்டுப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். உபதேசியாரும் போனார், டீச்சரும் போனார், பிறகு நானும் போனேன், பிறகு இடம் போதாமல் இன்னொரு பாய் விரிக்க வேண்டியதாயிற்று.

பவளக்கொடி அழுதாள். மறைக்காமல், துடைக்காமல், அம்மா செத்த அன்றைக்குக்கூட அழாத அழுகையை நின்ற இடத்திலேயே அழுது முடித்தாள். பிறகு குவளையைக் கழுவி, பாலை அடுப்பில் ஏற்றி, நாங்கள் எல்லோரும் நச்சரித்துக்கொண்டிருந்த அத்தனை காலத்திலும் ஒன்றுமே கேட்காதவள், அதனிடம் தன் முதல் கேள்வியைக் கேட்டாள்.

"மாமா, டீ போடட்டுமா?"